எண்பத்தெட்டு சென்டிமீட்டர்

மூன்றாவது ஆட்டின் குடலை ஒதுக்கிவிட்டு ஷேக் தாவூது உள்ளே கையை விட்டுத் துழாவினார். கருப்பை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதன் இரண்டு பக்கமும் மொச்சைக்கொட்டை அளவில் இரண்டு சினைப்பைகள். கத்தி முனையால் அவற்றை மட்டும் அறுத்து, செழியன் நீட்டிய ஃப்ளாஸ்கில் போட்டார். உள்ளே வெதுவெதுப்பான உப்புக்கரைசல். சினைப்பைகள் அடியில் போய் உட்கார்ந்தன. செழியன் மூடியைத் திருகிவிட்டு மணி பார்த்தான். எட்டேகால். பதினொரு மணிக்குள் கல்லூரி ஆய்வகத்தில் கொட்டியாக வேண்டும். சூடு ஆறிவிட்டால் உள்ளே இருக்கும் முட்டைகள் எதற்கும் ஆகாது.

“ஆறு கெடச்சிது. போதுமா வாத்தியாரே?”

“போதும் பாய்.”

“நாலு வருசமா எடுத்துக்கினு போறீங்க. ஒரு குட்டியாச்சும் வந்துச்சா?”

“குட்டிக்கு இல்ல பாய். முட்டை வளருதான்னு பாக்கறோம்.”

“வளந்துட்டா?”

“எழுதி வெப்போம்.”

“அதுக்கு ஒரு படிப்பு, அந்தப் படிப்புக்கு ஒரு பேன்ட்டு சட்ட.” தாவூது கத்தியைத் தொடையில் இருந்த சாக்கில் துடைத்தார். “இதெல்லாம் சினை புடிக்காத பெட்டைங்க, தெரியுமில்ல? நல்லா குட்டி போடறத எவன் வெட்டக் குடுப்பான்? மூணு தபா கெடாவுக்கு வுட்டுப் பாப்பானுங்க. நிக்கலன்னா வண்டி ஏத்திடுவானுங்க. நீங்க போயி அதும் முட்டையத்தான் வளக்கறேன்னு நிக்கறீங்க.”

செழியன் சிரிப்பது போல் உதட்டை இழுத்தான். மனைவி அருள்மொழி இறந்த பிறகு மூன்று மாதம் தாவூது இந்தக் கேலியை நிறுத்தி வைத்திருந்தார். சினைப்பையை அறுத்துப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான்காவது மாதம் ஒருநாள் தாமாகவே தொடங்கிவிட்டார். அதற்காகச் செழியன் அவரிடம் நன்றியாக இருந்தான். பதினான்கு மாதத்தில் அவனிடம் பழையபடி பேசியவர் அவர் ஒருவர்தான்.

ஆட்டுத்தொட்டி கருணாபுரத்தைத் தாண்டி, வாய்க்கால் ஓரம் இருந்தது. கள்ளச்சாராயச் சாவுகள் நடந்து ஐந்து மாதம் கழித்துத்தான் அருள்மொழி போனாள். ஊர் அப்போது சாவை டஜன் கணக்கில் பேசிப் பழகியிருந்தது. ஒற்றைச் சாவை யாரும் நிறுத்தி விசாரிக்கவில்லை. எப்படி என்று கேட்டவர்களுக்கும் ‘டெஸ்ட் டியூப் ட்ரீட்மென்ட்ல இருந்தாங்க, ரத்தம் அடச்சிக்கிச்சி’ என்று சொன்னால் போதுமாக இருந்தது. உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். அது அவனுக்கு வசதியாகவும் இருந்தது.

பைக்கில் பையை மாட்டும்போது போன் அடித்தது. சாலம்மாள். அருள்மொழியின் அம்மா. வருடத் திவசத்துக்குப் பிறகு அவர் அழைக்கவில்லை. இவனும் மலை ஏறவில்லை.

“மாப்ள, நான் சாலம்மா பேசறேங்க. வெள்ளிமலயில இருந்து கீழ வந்துட்டோம், நானும் சின்னதும். பஸ்ஸாண்டுல கீறோம்.”

“சொல்லுங்க அத்தை.”

“மலருக்கு இன்னிக்கி ஸ்கேனு. அவ வூட்டுக்காரரு மூங்கில்துறப்பட்டு ஆலையில கரும்பு லோடோட நின்னுக்கினு கீறாராம். லைன்ல இருந்து வண்டிய எடுத்தா மறுபடி ரெண்டு நாள் நிக்கணுமாம். டாக்டரம்மா எல்லாத்தயும் இங்கிலீசுல எழுதி எழுதி நீட்டுது. நீங்க கொஞ்சம் வந்து நின்னீங்கன்னா நல்லா இருக்கும்.”

“இன்னா ஸ்கேன்?”

ஒரு பஸ் கண்டக்டர் கச்சிராயப்பாளையம், கச்சிராயப்பாளையம் என்று கூவுவது கேட்டது.

“ஊசி போட ஆரம்பிச்சி பத்து நாளாவுதுங்க. உங்க கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டோம்.”

எந்த ஊசி என்று அவன் கேட்கவில்லை.

செழியன் விலங்கியலில் முதுகலை படித்தவன். கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை, அதோடு ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளன். அவன் ஆராய்வது ஒரே ஒரு புரதத்தை. சினைப்பைக்குள் ஒவ்வொரு முட்டையும் ஒரு குமிழுக்குள் இருக்கிறது. குமிழ் பெரிதாக வேண்டுமானால் இரத்தம் வர வேண்டும். அதை வரவழைக்கத்தான் குமிழ் அந்தப் புரதத்தைச் சுரக்கிறது. வளர்ச்சிக் காரணி என்பார்கள். அது பட்ட இடத்தில் புது இரத்தக்குழாய்கள் கிளைக்கும். குழாய்ச் சுவர்கள் நெகிழும். நெகிழ்ந்த சுவர் வழியே சத்துநீர் கசிந்து குமிழுக்குப் போகும். கசியாவிட்டால் குமிழ் பட்டினி கிடந்து வாடும். கண்ணாடித் தட்டில் ஆட்டின் குமிழ்களை வைத்து, அந்தப் புரதத்தைத் துளி துளியாகச் சேர்த்து, எத்தனை மைக்ரான் வளர்ந்தது என்று அளப்பது அவன் வேலை. திட்ட அறிக்கையின் முதல் வரியை அவன்தான் எழுதினான்: ‘குமிழின் வளர்ச்சிக்கு இப்புரதம் இன்றியமையாதது.’ அந்த வரியில் இன்றுவரை ஒரு பிழையும் இல்லை.

அருள்மொழிக்கு ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தபோது இரண்டு பக்கமும் சேர்த்து இருபத்தேழு குமிழ்கள் இருந்தன. திரையில் தேன்கூடு போலத் தெரிந்தது. அவன் பூரித்துப் போனான். அவன் தொழிலில் எண்ணிக்கைதான் நல்ல சேதி. மதிப்பெண் வாங்கிய பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலத் தாவூதிடம்கூட வந்து சொன்னான்: இருபத்தேழு பாய். ஓர் ஆட்டில் ஐந்து பார்த்தாலே அதிகம். இருபத்தேழும் ஒரே நேரத்தில் அந்தப் புரதத்தைச் சுரந்தால் என்ன ஆகும் என்று அவன் படித்திருந்தான். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக எழுதியும் இருந்தான்.

மருத்துவமனை துருகம் சாலையில் இருந்தது. அருள்மொழிக்குப் பார்த்த இடம் இல்லை, அது சேலத்தில். ஆனாலும் எல்லாம் ஒன்றுபோல இருந்தன. அதே ஊதா நாற்காலிகள், சுவரில் அதே சிரிக்கும் வெள்ளைக்காரக் குழந்தை. நாற்காலிகளில் பெண்கள் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். சாலம்மாள் ஒயர் கூடையை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்திருந்தார். இளைத்திருந்தார். அருள்மொழியின் தங்கை மலர்விழி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அப்படியே அக்காளின் பின்கழுத்து. செழியன் பார்வையைத் தரையில் வைத்தான்.

“வாங்க மாமா,” என்றாள் மலர்.

சாலம்மாள் நகர்ந்து இடம் விட்டார். அவர் கண் அவன் கையில் இருந்த ஃப்ளாஸ்கில் நின்றது. “டீ கொண்டாந்தீங்களா மாப்ள? சின்னது காலைல இருந்து ஒண்ணுமே குடிக்கல. மூடியில கொஞ்சம் ஊத்திக் குடுங்க.”

“டீ இல்ல அத்தை. காலேஜுக்கு எடுத்துட்டுப் போறது.” ஃப்ளாஸ்கை நாற்காலிக்கு அடியில் தள்ளினான்.

மலர் திரும்பிச் சின்னதாகச் சிரித்தாள். “ஆட்டு முட்டையா மாமா? அக்கா சொல்லும். ஒருநாளு ஃப்ரிட்ஜில வெச்சிட்டுப் போயிட்டீங்களாமே, கொழம்பு வெக்கறதான்னு கேட்டு போன் பண்ணுச்சாமே.”

“ஆமாம்.”

“எனக்கு எத்தினி இருக்கும்னு தெரியல. நர்சம்மா நெறையா இருக்குதுன்னு சொல்லுச்சி.”

அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. அவனுக்கு அந்த வெளிச்சம் தெரியும். அது தன் முகத்தில் இருந்தது, பதினான்கு மாதத்துக்கு முன்.

உள்ளே டாக்டர் நிறைய பேசவில்லை. ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு ஃபைலைப் பார்த்தபடி சொன்னார். “இருபத்து நாலு ஃபாலிக்கிள், முட்டைக் குமிழ், இருக்கு. இது கொஞ்சம் ஜாஸ்தி. முட்டை முதிர்றதுக்கு இன்னிக்கி ஒரு ஊசி போடணும். ரெண்டு வழி இருக்கு. வழக்கமான ஊசி போட்டு, முட்டை எடுத்து, இந்த வாரமே கருவை உள்ள வெக்கலாம். வயிறு உப்பும். சில பேருக்குத் தாங்கும், சில பேருக்குத் தாங்காது. இல்லன்னா வேற ஊசி போட்டு, முட்டை எடுத்து, கருவை உறைய வெச்சி, ரெண்டு மாசம் கழிச்சி வெக்கலாம். அதான் பாதுகாப்பு. நான் அதைத்தான் சொல்லுவேன். ஆனா இவங்க இந்த மாசமே வேணும்னு முதல் நாள்ல இருந்து சொல்றாங்க.”

“இந்த மாசமே வெச்சிடுங்கம்மா,” என்றார் சாலம்மாள். “ரெண்டு மாசம்லாம் அங்க தாங்க மாட்டாங்க.”

“குடும்பத்துல யாருக்காவது இந்த ட்ரீட்மென்ட்ல பிரச்சனை வந்திருக்கான்னு கேட்டிருந்தேன். இல்லன்னு எழுதியிருக்கு.”

சாலம்மாள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மேசையின் காலைப் பார்த்தார்.

“மாமா, நீங்க சொல்லுங்க,” என்றாள் மலர். “நீங்க இதத்தான படிச்சிக்கினு கீறீங்க. எது சொல்றீங்களோ அதுக்குக் கையெழுத்துப் போடறேன்.”

டாக்டர் முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார். ரெண்டாவது வழி என்று இரண்டு சொல் சொன்னால் முடிந்தது. ஏன் என்று கேட்பார்கள். அக்காவுக்கு வந்தது விதியல்ல, ஊசியிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அப்படியென்றால் அது வரும் என்று உனக்கு எப்போது தெரியும் என்று கேட்பார்கள்.

“வெளியில பேசிட்டு வரோம் மேடம்.”

“பதினொன்றரைக்குள்ள சொல்லுங்க. ஊசி நேரம் குறிக்கணும்.” ஒப்புதல் படிவத்தை மலரிடம் நீட்டினார். அதில் இரண்டு வழிகளுக்கும் இரண்டு கட்டங்கள் இருந்தன.

மருத்துவமனைக்குப் பின்பக்கம் வண்டி நிறுத்தும் கொட்டகை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மார்கழி வெயில் சரிந்து பாதித் தரைவரை வந்திருந்தது. மலர் சிமென்ட் திண்டில் உட்கார்ந்தாள். சாலம்மாள் நின்றுகொண்டே இருந்தார். செழியன் ஃப்ளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு, தோள்பையிலிருந்து பழுப்பு அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டை எடுத்தான். அதற்குள் மடித்து வைத்திருந்த மஞ்சள் டேப் விழுந்தது. அருள்மொழியின் தையல் டேப். எடுத்து மறுபடி உள்ளே வைத்தான். பக்கம் எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. நோட்டு தானாக அங்கேதான் திறக்கும்.

மேல்பாதியில் ஆட்டுக் குமிழ்களின் அளவுகள். கோடு போட்டு, கீழே நான்கு வரி.

“படிங்க மாமா,” என்றாள் மலர்.

“செவ்வா எழுவத்தொண்ணு. புதன் எழுவத்தாறு. வியாழன் எம்பத்திரெண்டு. வெள்ளி எம்பத்தெட்டு.”

“இன்னா இது?”

“மொழியோட வயிறு.”

சாலம்மாள் மெல்ல மலரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முட்டை எடுத்து, கருவை உள்ளே வைத்து, அருள்மொழியை நேரே வெள்ளிமலைக்குக் கொண்டுபோனார்கள். அம்மா வீட்டில் இருந்தால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். சாலம்மாள் கட்டிலைச் சுவரோரம் நகர்த்திப் போட்டு, கரு தங்கும்வரை கால் தரையில் படக் கூடாது என்றார். எல்லாம் கட்டிலிலேயே. சாப்பாடு, தலை சீவுவது, மூத்திரத்துக்குப் பழைய ஹார்லிக்ஸ் டப்பா. புதன்கிழமை வயிறு உப்பி, வாந்தியும் வந்தபோது அவர் அடுப்படியிலிருந்து ஓடிவந்து மகள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, தங்கிடுச்சி, தங்கிடுச்சி என்றார். எதிர்வீட்டு ரங்கம்மாள் சாமை வறுத்து இடித்துக் கொண்டுவந்தாள். கருவை உள்ளே வைத்த அடுத்த நாளே வாந்தி வராது என்று செழியனுக்குத் தெரியும். அந்த வீட்டில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. அவன் முந்தின நாள் போலவே டேப்பை எடுத்து அளந்தான். “எனக்கு ஜாக்கெட் தைக்கப் போறீங்களா, இன்னாங்க?” என்று அருள்மொழி சிரித்தாள். அவன் குறித்துக்கொண்டான்.

இதையெல்லாம் அவன் சொல்லவில்லை. சொன்னது வேறு.

“ஒவ்வொரு முட்டையும் வளர்றதுக்கு ஒரு புரதம் சுரக்கும். அது ரத்தக்கொழாய நெகிழ வெக்கும். கொஞ்சம் நெகிழ்ந்தா நல்லது. இருவத்தேழு முட்டை ஒண்ணா சுரந்தா எல்லாக் கொழாயும் ஒழுக ஆரம்பிச்சிடும். ரத்தத்துல இருக்கிற தண்ணி வயித்துக்குள்ள எறங்கிடும். அதான் உப்பினது.” நிறுத்தினான். மலையடிவாரத்தில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் சாலம்மாள் பல வருடம் வேலை செய்தவர். “கொப்பரையில கரும்புச்சாறு காயும்போது தண்ணி போயிட்டா மீதி இன்னா ஆவும் அத்தை?”

“பாகாவும்.”

“அப்படித்தான் ரத்தம் ஆச்சு. அதோட அசையாம படுத்தே இருந்தா உறைஞ்சி கட்டி விழும். அந்தக் கட்டி போயி நுரையீரல்ல அடச்சிக்கிச்சி.”

சாலம்மாள் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் தான படுக்க வெச்சேன்.”

“உங்களுக்குத் தெரியாது அத்தை.”

“உனக்கு?”

கொட்டகைக்குள் ஒருவர் வந்து ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். அவர் போகும்வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

“எனக்குத் தெரியும்,” என்றான் செழியன். “ஆஸ்பத்திரியில ஒரு சீட்டு குடுத்தாங்க. வயிறு உப்புனா, ஒண்ணுக்குக் கொறஞ்சா, மூச்சு வாங்குனா உடனே வரணும்னு இங்கிலீசுல போட்டிருந்துது. அந்த வூட்டுல அதப் படிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். சட்டைப் பையில இருந்துது.”

“தெரிஞ்சிக்கினுதான் இருந்தீங்களா மாமா?” மலரின் குரல் தாழ்ந்திருந்தது.

“வெள்ளிக்கிழமை நான் கீழ வந்தேன். ஆறு மாசமா எதிர்பாத்துக்கிட்டிருந்த மருந்து பெங்களூர்ல இருந்து ஐஸ்ல வெச்சி வந்திருந்துது. அன்னிக்கே பிரிச்சி ஊத்தலன்னா வீணாயிடும். அதே புரதம்தான். பகல் பூரா அதத் தட்டுல வுட்டுக்கிட்டிருந்தேன். சாயந்தரம் மேல வந்து அளந்தா எம்பத்தெட்டு. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணேன். யாரோ டூட்டி ஆளு எடுத்தாங்க. கொஞ்சம் உப்பசமா இருக்குதுன்னு சொன்னேன். திங்கக்கெழம கூட்டிட்டு வாங்கன்னாங்க.”

“எம்பத்தெட்டுன்னு சொல்லலியா?”

“சொல்லல.”

“ஏன்?”

இந்தக் கேள்வியைப் பதினான்கு மாதமாக வேறு யாரும் கேட்கவில்லை. அவன் தினமும் கேட்டுக்கொண்டிருந்தான். எண்ணைத் தவிர வேறெதையும் நம்பாதே என்று மாணவர்களுக்குச் சொல்கிறவன், அன்று எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ‘கொஞ்சம்’ என்றான். எண்ணைச் சொல்லியிருந்தால் உடனே கிளம்பு என்றிருப்பார்கள். அந்த வீட்டில் யாரோ ஒருவர் போய், தங்கவில்லை, இது வேறு என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் அந்த ஒருவராக இருக்க விரும்பவில்லை. அவ்வளவுதான் அதில் இருந்தது. அதைவிடப் பெரிய காரணம் எதுவும் தோண்டத் தோண்ட வரவில்லை. சனிக்கிழமை மதியம் அவளுக்கு மூச்சு வாங்கியது. நூற்றெட்டு வண்டி மலையிறங்கும்போது மூன்றாவது வளைவில் அவள் அவன் சட்டைப் பையைப் பிடித்தாள். சீட்டு இருந்த பை. நான்காவது வளைவில் பிடி விட்டுப்போனது.

“நீங்க எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்க,” என்றான்.

மலர் எழுந்து நின்றாள். படிவம் அவள் கையில் சுருண்டிருந்தது.

“எனக்கு ஊசின்னதும் பயமா இருந்துது மாமா. அக்கா மாதிரி ஆயிடும்னு சொன்னேன். எங்கம்மாதான், அது அவ தலையெழுத்து, எல்லாத்துக்கும் அப்படி வராதுடின்னு சொல்லிக் கூட்டியாந்துது. குடும்பத்துல யாருக்கும் ஒண்ணும் இல்லன்னு எழுத வெச்சிது. நீங்க அன்னிக்கே வாயத் தொறந்திருந்தா, தலையெழுத்துன்னு அது சொல்லியிருக்குமா?”

“இருக்காது.”

“இப்ப வந்து சொல்றீங்க. தை பொறந்தா எங்க மாமியா அதும் தம்பி பொண்ண ரெண்டாந்தாரமாக் கொண்டாந்து வூட்டுல வெக்கப் போவுது. மூணு வருசம் பாத்தாச்சி, போதும்னு நேராவே சொல்லிடுச்சி. இந்த மாசம் வயித்துல நின்னாத்தான் எனக்கு அந்த வூடு. ரெண்டு மாசம் தள்ளிப் போட்டா நான் எங்க போவேன், அதையும் நோட்டுல எழுதி வெச்சிருக்கீங்களா?”

அவனுக்குத் தாவூது சொன்னது நினைவுக்கு வந்தது. மூன்று தடவை பார்ப்பார்கள். நிற்கவில்லை என்றால் வண்டி ஏற்றுவார்கள். அவன் கண் தன்னையறியாமல் ஃப்ளாஸ்கின் பக்கம் போய் வந்தது.

“நீங்க சொன்னது எனக்காவவா,” என்றாள் மலர், “இல்ல உங்க பாரத்த எறக்கி வெக்கவா?”

“தெரியல மலர்.”

“அதுவாச்சும் உண்மைதான்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கவில்லை. படிவத்தைத் தொடையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்திச் சுருக்கம் எடுத்தாள்.

சாலம்மாள் நோட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். எழுத்து தெரியாது. எண் தெரியும். பஸ் நம்பர், ரேஷன் கடை எடை, கொட்டகையில் வெல்ல அச்சு எண்ணியது, எல்லாம் அந்த எண்கள்தான். விரலை நான்கு வரியிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து இறங்கினார். கடைசி வரியில் விரல் நின்றது.

“டேப்பு வெச்சி நீ அளந்தத நான் பாத்தேன்,” என்றார். “கதவோரம் நின்னுக்கினு பாத்தேன். கொயந்த வளருதான்னு இப்பவே ஆசையா அளந்து பாக்குது பாரு பையன்னு ரங்கம்மா கிட்ட சொன்னேன். இப்படி ஒரு புருசன் யாருக்குக் கெடைக்கும்னு சொன்னேன்.”

செழியன் நின்ற இடத்தில் நின்றான். அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். அவர்களும் எதிர்பார்த்தார்கள் போலிருந்தது. வரவில்லை. கூரையில் ஓர் அணில் ஓடும் சத்தத்தை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தான்.

“எம்பத்தெட்டுன்னா எவ்ளோ?” என்றார் சாலம்மாள்.

அவனுக்குப் புரியவில்லை.

“எவ்ளோ பெருசு? காட்டு.”

டேப்பை எடுத்தான். நுனியில் இருந்த தகடு கறுத்திருந்தது. எண்பத்தெட்டைத் தேடி, அந்தக் கோட்டோடு தகட்டைச் சேர்த்து விரலால் பிடித்தான். டேப் ஒரு வட்டமாகத் தொங்கியது. மீதி டேப் அவன் முழங்கை வழியே கீழே வழிந்தது. மலரும் திரும்பிப் பார்த்தாள். அதன் அருகில் அவள் நின்ற விதத்தில் அந்த வட்டம் எவ்வளவு பெரியது என்பது மூன்று பேருக்குமே தெரிந்தது. மலர் தன் இடுப்பில் கை வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள்.

“இத்தாம் பெருசா,” என்றார் சாலம்மாள். “இதத்தான் நான் போர்வ போட்டு மூடி மூடி வெச்சேனா.”

பின்கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “மலர்விழி யாரு? டாக்டர் கேக்கறாங்க. மணி பதினொன்றரை ஆவுது.”

பதினொன்றரை. ஃப்ளாஸ்கில் இருப்பது இந்நேரம் வெறும் சதை. செழியன் குனிந்து அதை எடுக்கவில்லை.

மலர் அம்மாவைப் பார்த்தாள். சாலம்மாள் தலையைக்கூட அசைக்கவில்லை. மலர் செழியனைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான்.

“வேணாம் மாமா. நீங்க சொல்ல வேண்டியத சொல்லிட்டீங்க.” அவன் சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தானே உருவிக்கொண்டாள். “இனிமே என்னுது.”

கதவு அவளுக்குப் பின்னால் தானாக ஆடி ஆடி மூடியது. அதன் கண்ணாடியில் கூரைக் கம்பிகள் பிரதிபலித்ததால் உள்ளே சரியாகப் பார்க்க முடியவில்லை. கவுன்டர் மேசை, அதன்மேல் குனிந்த ஒரு பின்கழுத்து, பேனா பிடித்த கை, அவ்வளவுதான். பேனா எந்தக் கட்டத்தின் மேல் இருக்கிறது என்பது தெரியவில்லை. பேனா வெகுநேரம் அசையாமல் இருந்தது மட்டும் தெரிந்தது.

“குடு அத,” என்றார் சாலம்மாள்.

அவன் நீட்டினான். கோடும் தகடும் சேர்ந்த இடத்தை அவன் விரலிலிருந்து தன் கட்டைவிரலுக்கு மாற்றிக்கொண்டார், ஒரு நூல்கூட நகராமல். இரண்டு கையாலும் அந்த வெற்று வட்டத்தை மடிக்கு மேலே பிடித்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காற்று வந்தபோது வட்டத்தின் அடிப்பக்கம் உள்வாங்கி, மறுபடி மெல்ல உப்பியது.